‘நீதிமானாக்கு’ என்ற சொல்லில் இருக்கும் ‘ஆக்கு’

நீங்கள் கேட்டது இது: பாட்டி வைத்திருந்த பழைய வேதாகமத்தில் ரோமர் 3:28-ல் மனுஷன் ‘விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான்’ என்று இருக்கிறது, திருவிவிலியத்தைத் திறந்தால் அதே இடத்தில் ‘கடவுளுக்கு ஏற்புடையவர்’ என்று வருகிறது. இரண்டும் ஒன்றுதானா? கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஐந்நூறு வருஷம் அடித்துக்கொண்டது இதற்காகத்தானா? 1999-ல் சமாதானமாகிவிட்டார்கள் என்கிறார்களே, அது உண்மையா?

பதிலுக்குப் போவதற்கு முன் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடலாம். ‘கத்தோலிக்கர் கிரியையினால் (நற்செயல்களால்) இரட்சிப்பு என்பார்கள், நாம் கிருபையினால் என்போம்’ என்று ஞாயிறு பள்ளியில் நானும் படித்தவன்தான். அது தவறு. சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மன் துறவி லுத்தருக்குப் பதில் சொல்வதற்காகக் கூடிய, கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று நீதிமானாக்கப்படுதல் பற்றி ஓர் ஆணை வெளியிட்டது. 16 அதிகாரங்கள், 33 சாபத் தீர்ப்புகள். அந்த 33-ல் முதலாவது யாரைச் சபிக்கிறது தெரியுமா? கிறிஸ்துவின் கிருபை இல்லாமல், தன் சொந்தக் கிரியைகளால் மனிதன் தேவனுக்கு முன் நீதிமானாக முடியும் என்று சொல்கிறவனை. அதே ஆணையின் எட்டாம் அதிகாரம், நீதிமானாக்கப்படுவதற்கு முன் வரும் எதுவும், விசுவாசமானாலும் கிரியையானாலும், அந்தக் கிருபையைச் சம்பாதித்துத் தராது என்கிறது. ஆக, ‘கிருபையா கிரியையா’ என்பது இந்தச் சண்டைக்கு நாம் வைத்த பட்டப்பெயர்தான். உண்மையான சண்டை நீங்கள் விரல் வைத்த இடத்திலேயே இருக்கிறது: ‘ஆக்கு’ என்ற வினையில்.

தமிழில் இந்த வினை செய்கிற வேலையைப் பாருங்கள். ‘கல்லைச் சிலையாக்கினான்’ என்றால் கல் உண்மையிலேயே மாறிவிட்டது. ‘அவரை மந்திரியாக்கினார்கள்’ என்றால் ஆள் அதே ஆள்தான், பதவி மாறியிருக்கிறது. ‘ஒன்றும் செய்யாதவனைக் குற்றவாளியாக்கிவிட்டார்கள்’ என்றால் அவன் நடத்தையும் மாறவில்லை. அவன் மேல் ஒரு தீர்ப்பு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே மாற்றம், நிலையில் மாற்றம், தீர்ப்பு என்று மூன்று அர்த்தங்களையும் ஒரே ‘ஆக்கு’ தாங்குகிறது. ரோமர் நிருபத்தை எழுதிய பவுலின் வாக்கியத்தில் இருப்பது இவற்றில் எது? பதினாறாம் நூற்றாண்டுத் தகராறை இந்தக் கேள்விக்குள் அடக்கிவிடலாம்.

சொல்லின் வேர் நீதிமன்றத்தில் இருக்கிறது. எபிரெய வேதத்தில் இந்த வினை பெரும்பாலும் நியாயாதிபதியின் வேலையைக் குறிக்கும்: வழக்கில் ஒருவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வது. நீதிமொழிகள் 17:15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும், நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனுமாகிய இவ்விருவரும் கர்த்தருக்கு அருவருப்பானவர்கள்.’ இங்கே ‘ஆக்கு’ என்பதற்கு உள்ளத்தை மாற்றுவது என்று பொருள் கொண்டால் வசனம் அபத்தமாகிவிடும். துன்மார்க்கனை நல்லவனாக மாற்றுகிறவன் எப்படி அருவருப்பானவன் ஆவான்? லஞ்சம் வாங்கிக்கொண்டு அவனை விடுதலை செய்கிற நியாயாதிபதிதான் அருவருப்பானவன். புதிய ஏற்பாட்டின் கிரேக்க வினையும் இதே மாதிரி நடந்துகொள்கிறது. லூக்கா 7:29-ல் ஜனங்கள் தேவனையே ‘நீதிமானாக்கினார்கள்’ என்று கிரேக்கம் சொல்கிறது. தேவனை யாரும் நல்லவராக மாற்ற முடியாது. அவர் நீதியுள்ளவர் என்று ஒப்புக்கொண்டார்கள் என்பதே பொருள்.

இப்போது ரோமர் 4:5-க்கு வாருங்கள். பவுல் தேவனை எப்படி அழைக்கிறார்? ‘பாவியை நீதிமானாக்குகிறவர்.’ நீதிமொழிகள் எதை அருவருப்பு என்றதோ, அதையே தேவன் செய்கிறார் என்று வேதம் படித்த ஒரு பரிசேயர் எழுதுகிறார். அறியாமல் எழுதியிருக்க முடியாது. கேட்டவர்கள் திடுக்கிட வேண்டும் என்றே எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம். இதற்கு அவர் காட்டும் ஆதாரம் ஆபிரகாம்: ‘அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்’ (ஆதியாகமம் 15:6). அந்த ‘எண்ணினார்’ கணக்குப்பிள்ளையின் சொல்; பேரேட்டில் வரவு வைப்பது போல. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சொல்லின் வேர் இவ்வளவு தெளிவாக இருந்தும் மேற்கத்திய சபை ஏன் ஆயிரம் வருஷம் வேறு மாதிரி வாசித்தது? லத்தீன் ஒரு காரணம், வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் இன்னொரு காரணம். லத்தீன் மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் ‘நீதி’யும் ‘செய்’யும் சேர்ந்த கூட்டுச்சொல்லாக வந்தது, கிட்டத்தட்ட நம் ‘நீதிமானாக்கு’ போலவே. அகுஸ்தீனுக்குக் கிரேக்கம் அவ்வளவு ஓடாது. 412 வாக்கில் எழுதிய ‘ஆவியும் எழுத்தும்’ என்ற நூலில், ‘நீதிமானாக்கப்படுதல் என்றால் நீதிமானாகச் செய்யப்படுதல் அல்லாமல் வேறென்ன?’ என்று கேட்கிறார். அதே இடத்தில், ‘நீதிமானாக எண்ணப்படுதல்’ என்றும் இதை வாசிக்கலாம் என்பதை அவர் தொட்டுக்காட்டுகிறார். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு எதிரே நின்றவர் பெலாகியு. ‘நீர் கட்டளையிடுவதை நீரே தாரும், பிறகு உமக்கு விருப்பமானதைக் கட்டளையிடும்’ என்ற அகுஸ்தீனின் ஜெபத்தைக் கேட்டு ரோமில் கொதித்துப்போனவர். மனிதனுக்குச் சக்தி இருக்கிறது, அவன் முயன்றால் பாவமில்லாமல் வாழலாம் என்பது பெலாகியுவின் கட்சி. முடியாது, சித்தமே நோயுற்றுக் கிடக்கிறது, வைத்தியர் உள்ளே வந்து குணமாக்க வேண்டும் என்பது அகுஸ்தீனின் மறுப்பு. வைத்தியத்தைப் பற்றிப் பேசுகிறவருக்கு நீதிமன்றச் சொல்கூட மருத்துவச் சொல்லாகத்தான் கேட்கும். 418-ல் கார்த்தேஜ் சங்கமும் 529-ல் ஆரஞ்சு சங்கமும் கிருபையின் பக்கமே நின்றன. 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை ஒழுங்குபடுத்தினார்: கிருபை ஆத்துமாவுக்குள் ஊற்றப்படுகிறது, சித்தம் தேவனை நோக்கித் திரும்புகிறது, பாவத்தை வெறுக்கிறது, பாவம் மன்னிக்கப்படுகிறது. இந்த நான்கும் சேர்ந்ததுதான் நீதிமானாக்கப்படுதல். இவற்றில் முதலில் நிற்பது தேவனின் செயல். இதில் ‘சொந்தக் கிரியை’ எங்கே இருக்கிறது?

கோளாறு வந்தது பின்னால். 15-ஆம் நூற்றாண்டில் காபிரியேல் பீல் போன்றோரின் பள்ளியில் ஒரு சூத்திரம் பிரபலமாயிற்று: ‘தன்னால் இயன்றதைச் செய்கிறவனுக்குத் தேவன் கிருபையை மறுக்கமாட்டார்.’ கேட்க இதமான வாக்கியம், நம் ஊர்ப் பிரசங்கங்களிலும் இதைக் கேட்கலாம். ஆனால் மனச்சாட்சி கூர்மையான ஒருவனிடம் இதைச் சொல்லிப்பாருங்கள். ‘என்னால் இயன்றதை நான் செய்துவிட்டேனா?’ என்று அவன் கேட்டால் யார் பதில் சொல்வது? அப்படிக் கேட்டவர் எர்ஃபர்ட்டில் அகுஸ்தீன் சபைத் துறவியாகச் சேர்ந்த மார்ட்டின் லுத்தர். அவர் பீலைப் பாடமாகப் படித்தவர். மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்து தன் மேலாளர் ஸ்டாவ்பிட்ஸைக் களைக்கவைத்தவர்.

1545-ல், இறப்பதற்கு முந்தின வருஷம், தன் லத்தீன் எழுத்துகளின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் லுத்தர் பழைய கதையைச் சொல்கிறார். ரோமர் 1:17-ல் வரும் ‘தேவநீதி’ என்ற சொல்லை வெறுத்தேன் என்கிறார். பாவியைத் தண்டிக்கிற நீதி என்றே அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. நியாயப்பிரமாணம் நசுக்கியது போதாதென்று சுவிசேஷமும் தண்டனையையா அறிவிக்க வேண்டும்? இரவும் பகலும் அந்த வசனத்தோடு மல்லுக்கட்டி, கடைசியில் ‘விசுவாசத்தினால் நீதிமான் பிழைப்பான்’ என்ற பின்பகுதியிலிருந்து முன்பகுதியை வாசித்தார். தேவநீதி என்பது தேவன் கொடுக்கிற நீதி. பரதீசின் வாசல்கள் திறந்தது போலிருந்தது என்று எழுதுகிறார். பிறகு அகுஸ்தீனைப் படித்தபோது அவரும் இப்படியே வாசித்திருப்பதைக் கண்டாராம். ஆனால் வரவு வைக்கப்படுவதைப் பற்றி அகுஸ்தீன் தெளிவாகச் சொல்லவில்லை என்று ஒரு குறையையும் பதிவு செய்கிறார். ‘எண்ணினார்’ என்ற சொல்லை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா, அது இங்கேதான்.

லுத்தர் புதிதாகச் சொன்னது என்ன? அந்த நீதி எனக்கு வெளியே இருக்கிறது. அது கிறிஸ்துவின் நீதி, ‘அந்நிய நீதி.’ விசுவாசம் அதைப் பற்றிக்கொள்கிறது, மோதிரம் கல்லைப் பிடித்திருப்பது போல. விலை கல்லுக்குத்தான். 1520-ல் எழுதிய ‘கிறிஸ்தவனின் சுயாதீனம்’ நூலில் இதைக் கல்யாணமாகவே வர்ணிக்கிறார்: மணவாட்டியின் கடன் முழுவதும் மணவாளன் தலையில், அவருடைய சொத்து முழுவதும் அவள் கையில். அதனால்தான் கிறிஸ்தவன் ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான். உள்ளே பார்த்தால் பாவி. கிறிஸ்துவுக்குள் பார்த்தால் நீதிமான்.

1518 அக்டோபரில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் லுத்தரை விசாரித்த கர்தினால் கயெத்தான் இதன் ஆபத்தை உடனே புரிந்துகொண்டார். அவர் சாதாரண ஆளில்லை, அக்குவினாஸுக்குப் பெரிய உரை எழுதியவர். ‘எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நிச்சயமாக நம்ப வேண்டும்’ என்ற லுத்தரின் வாதத்தைப் படித்துவிட்டு, இது புதிய சபையைக் கட்டுவதாகும் என்று எழுதினார். எதிரி எழுதியதுதான், ஆனாலும் அந்தக் காலத்தில் யாரும் இதைவிடச் சரியாக எடைபோடவில்லை. தகராறின் மையம் கிரியை அல்ல, நிச்சயம். சாகிற நேரத்தில் நான் எதைப் பார்ப்பது: எனக்குள் கிருபை செய்த வேலையையா, எனக்கு வெளியே கிறிஸ்து செய்து முடித்ததையா?

மொழிபெயர்ப்புப் பற்றிக் கேட்டதால் ஒரு கிளைக்கதை. லுத்தர் 1522-ல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் ரோமர் 3:28-ல் ‘மாத்திரம்’ என்ற சொல்லைச் சேர்த்தார்: விசுவாசத்தினாலே மாத்திரம். மூலத்தில் அது இல்லை என்று எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். 1530-ல் அவர் எழுதிய பதிலில் பணிவெல்லாம் கிடையாது. இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் ஜெர்மன்காரன் ‘இது அல்ல, அது’ என்று பேசும்போது ‘மாத்திரம்’ சேர்த்துத்தான் பேசுவான். மொழிபெயர்க்க வேண்டுமானால் வீட்டில் தாயையும் தெருவில் பிள்ளைகளையும் சந்தையில் சாதாரண மனிதனையும் கேள் என்றார். புதிய ஏற்பாட்டில் விசுவாசமும் ‘மாத்திரம்’ என்ற சொல்லும் நேராகச் சேர்ந்து வரும் ஒரே இடம் யாக்கோபு 2:24, அதுவும் ‘விசுவாசத்தினாலேமாத்திரமல்ல’ என்று! யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று அவர் எரிச்சல்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு அந்த எரிச்சல் தேவையற்றதாகப் படுகிறது. யாக்கோபு பேசும் ‘விசுவாசம்’ பிசாசுகளுக்கும் இருப்பது. நம்பி நடுங்குகின்றன என்கிறார். பவுல் அதையா விசுவாசம் என்றார்?

லுத்தரின் கல்யாண உவமையை அவருடைய சகா மெலாங்க்தன் நீதிமன்றத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனார்: நீதிமானாக்கப்படுதல் ஒரு தீர்ப்பு, உள்மாற்றம் அதைத் தொடர்ந்து வருவது. தெளிவு கிடைத்தது, சூடு குறைந்தது. ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வின் இந்தக் குறையைச் சரிசெய்தார் என்பேன். இந்தப் போதனையை மார்க்கம் சுழலும் முக்கியக் கீல் என்றவர் அவர். கிறிஸ்துவோடு இணைகிறவன் மன்னிப்பையும் பரிசுத்தமாக்கப்படுதலையும் சேர்த்தே பெறுகிறான், கிறிஸ்துவைத் துண்டு போட முடியாது என்றார். சூரியனின் வெளிச்சமும் வெப்பமும் பிரியாது. ஆனால் பூமி வெளிச்சத்தால் சூடாகிறது என்றோ வெப்பத்தால் பிரகாசிக்கிறது என்றோ யாராவது சொல்வார்களா?

இரு தரப்பும் கைகுலுக்கும் தூரத்துக்கு ஒருமுறை வந்ததும் உண்டு. 1541-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ரேகன்ஸ்பர்க்கில் கூட்டிய பேச்சுவார்த்தையில், சீர்திருத்தவாதிகள் மெலாங்க்தன், பூட்சர் ஒரு பக்கம், கத்தோலிக்க இறையியலாளர்கள் எக், குரோப்பர் மறுபக்கம், போப்பின் தூதராகக் கர்தினால் கொன்தரீனி. நீதிமானாக்கப்படுதல் பற்றிய ஐந்தாம் பிரிவில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்! கால்வின் அங்கே இருந்தார். எதிர்த்தரப்பு இவ்வளவு விட்டுக்கொடுத்ததே என்று வியந்து கடிதம் எழுதினார். ஆனால் ஒட்டுப்போட்ட துணி என்றே லுத்தருக்குப் பட்டது, ரோமும் ஏற்கவில்லை, நற்கருணையில் வந்து பேச்சு முறிந்தது. ஆறு வருஷத்தில் திரெந்து கதவைச் சாத்தியது. நீதிமானாக்கப்படுதல் பாவமன்னிப்பு மட்டுமல்ல, உள்ளான மனிதனின் பரிசுத்தமும் புதுப்பிப்பும் சேர்ந்ததே. நம்மை நீதிமான்களாக வைத்திருப்பது தேவன் நமக்குள் ஊற்றும் நீதி ஒன்றே என்று திட்டவட்டமாகச் சொன்னது. அதாவது, ‘கல்லைச் சிலையாக்கு’ என்பதில் உள்ள ‘ஆக்கு.’

இந்தச் சண்டை முழுவதும் பவுலை ஒரு தனிமனிதனின் குற்றவுணர்ச்சிக்கு மருந்தாகவே வாசித்தது. 1977-ல் வேத ஆய்வாளர் ஈ. பி. சாண்டர்ஸ் எழுதிய புத்தகம் இந்த அடித்தளத்தையே அசைத்தது. பவுல் காலத்து யூத மார்க்கம் புண்ணியம் சேர்த்துச் சொர்க்கம் வாங்கும் மார்க்கமே அல்ல. உடன்படிக்கைக்குள் தேவன் கிருபையாகச் சேர்க்கிறார், பிரமாணத்தைக் கைக்கொள்வது அதற்குள் நிலைத்திருக்க என்று காட்டினார். அப்படியானால் பவுல் எதை எதிர்த்தார்? ஜேம்ஸ் டன், என். டி. ரைட் போன்றோர் சொன்ன பதில்: ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’ என்றால் விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள். யார் உள்ளே, யார் வெளியே என்று பிரிக்கும் வேலிகள். கலாத்தியர் 2-ஐத் திறந்து பாருங்கள். நீதிமானாக்கப்படுதல் பற்றிய பேச்சு அங்கே எங்கே வெடிக்கிறது? சாப்பாட்டுப் பந்தியில். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் நழுவி எழுந்துவிடுகிறார். பவுல் முகத்துக்கு முகம் எதிர்க்கிறார்.

இந்த வாசிப்பு மேற்கத்தியருக்குப் புதிது, நமக்கு ஏன் இவ்வளவு தாமதமாகக் கண்ணில் பட்டது என்பதுதான் எனக்கு வியப்பு. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தொடங்கி, விசுவாசத்தினால் மாத்திரம் என்ற பிரசங்கத்தை நம் மண்ணில் குறைவில்லாமல் கேட்டிருக்கிறோம். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. ரோமர் நிருபத்தை அறியாதவர்களா அவர்கள்? நற்கருணைப் பாத்திரத்தில் யாருக்குப் பின் யார் குடிப்பது என்பதும் நீதிமானாக்கப்படுதலும் ஒரே விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பவுலுக்குத் தோன்றியிருக்கிறது.

அதற்காகப் புதிய பார்வைதான் முழு உண்மை என்று சொல்லமாட்டேன். ரோமர் 4-ல் கூலியையும் கடனையும் வைத்துப் பவுல் பேசுவதையும், அடுத்த வசனத்திலேயே ‘பாவி’ என்பதையும் வேலிக் கதையால் மட்டும் விளக்க முடியாது. 2015-ல் ஜான் பார்க்லே என்ற வேத ஆய்வாளர் இதை நன்றாகப் பிரித்தார்: கிருபையை எல்லா யூதர்களும் நம்பினார்கள், ஆனால் எல்லாரும் ஒரே கிருபையை நம்பவில்லை. தகுதியைப் பார்க்காமல், தகுதியற்றவனுக்கே கொடுக்கப்படும் ஈவு என்பதைப் பவுல் விடாப்பிடியாகப் பிடித்தார். பந்தியின் வேலி விழுந்தது அதனால்தான். லுத்தரும் டன்னும் ஒரே சேலையின் இரண்டு முனைகளைப் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

இனி 1999. அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில், கயெத்தானைச் சந்திக்கப் போன லுத்தர் தங்கியிருந்த கர்மேல் மடத்தின் புனித அன்னாள் ஆலயத்தில், வத்திக்கானும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்ததுதான். நமது எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மாத்திரமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், ஆவியானவரை நாம் பெறுகிறோம், அவர் நம் இருதயங்களைப் புதுப்பிக்கிறார் என்பது அதன் சாரம். இணைப்பில் ‘விசுவாசத்தினால் மாத்திரம்’ என்ற சொல்லும் இருக்கிறது. அதிலும் ரோம் கையெழுத்திட்டது. 2006-ல் மெதடிஸ்டுகளும் 2017-ல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் சேர்ந்துகொண்டன.

ஆனால் சமாதானமாகிவிட்டார்கள் என்பது பாதி உண்மைதான், ஏனென்றால் திரெந்தின் சாபங்களை யாரும் திரும்பப் பெறவில்லை. இந்த அறிக்கையில் விளக்கப்பட்டபடியான லுத்தரன் போதனை மேல் அவை விழாது என்று மட்டும் சொன்னார்கள். ‘ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்’ என்பதில் ரோம் கடைசிவரை நெளிந்தது. ஜெர்மனியில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புரோட்டஸ்டண்ட் இறையியல் பேராசிரியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது; ‘ஏற்றுக்கொள்கிறார்’, ‘புதுப்பிக்கிறார்’ இரண்டையும் அறிக்கை ஒரே மூச்சில் சொல்கிறது, ஆனால் எதன்மேல் சாய்வது என்ற கேள்வியைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பழைய எதிரிகளில் ஒருவரிடமே பதில் இருக்கிறது. திரெந்தின் மிகக் கூர்மையான வழக்கறிஞர் கர்தினால் பெல்லார்மின், புண்ணியங்களைப் பக்கம் பக்கமாக ஆதரித்துவிட்டு, நம் சொந்த நீதி நிச்சயமற்றது, வீண்பெருமை ஆபத்தானது, ஆகவே முழு நம்பிக்கையையும் தேவனுடைய இரக்கத்தின் மேல் மாத்திரம் வைப்பதே மிகப் பத்திரமானது என்று எழுதிவைத்தார்.

இப்போது உங்கள் இரண்டு வேதாகமங்கள். லுத்தரன் மிஷனரிகள் தொடங்கிவைத்த, சீர்திருத்தச் சபையார் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த தமிழ் வேதாகமத்தில் நிற்பது ‘நீதிமானாக்கு’. அகுஸ்தீனும் திரெந்தின் ஆயர்களும் பார்த்தால் தலையாட்டியிருப்பார்கள். கத்தோலிக்கர் கையில் பெரிதும் புழங்கும், 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் இருப்பது ‘ஏற்புடையவர்’; அது மெலாங்க்தனின் பக்கம் சாய்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. ரோமர் 4-ஐ மட்டும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள், பாட்டியுடையதை முதலில். ‘எண்ணப்படும்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.